இரண்டாவது நாற்காலி

கட்டிலின் வலப்பக்கம் நனைந்திருந்தது. ஹெல்கா மேடம் இடப்பக்கம்தான் படுப்பார். வலப்பக்கத் தலையணையில் ஒரு தலை அழுந்திய குழியும், அதில் உப்புத் தண்ணீரும், அழுகிய பாசியின் வாடையும் இருந்தன. ரவூஃபா எதுவும் கேட்கவில்லை. தீவு விடுதியின் அறைவேலைக்காரிக்கு முதல் பாடமே அதுதான். விருந்தாளியோடு யார் தங்குகிறார் என்று கேட்கக் கூடாது, கண்ணில் பட்டதற்கு ஏற்றபடி எடுத்துவைக்க வேண்டும். இன்னொரு ஜோடி செருப்பும் இன்னொரு துண்டும் வைத்தாள்.

சமையற்காரர் மூஸா சிரித்தார். "மேடத்துக்குத் துணை வந்திருக்கு போல. உனக்கென்ன தங்கச்சி, ரெண்டு தட்டா வச்சுடு."

அன்றிலிருந்து கடலோரத்து உணவு மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு நாற்காலி. இரண்டாவது தட்டில் மீன் அப்படியே இருக்கும். நாற்காலியின் கீழே மட்டும் மணல் சொதசொதவென்று கிடக்கும்.

விரிப்புகளை அலசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அவளுக்கு உறைத்தது. மேடத்தை இறக்கிவிட்டுப் போனபிறகு இந்தத் தீவுக்குப் படகே வரவில்லை. இருப்பது மேடம், மூஸா, அவள், அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவளேதான்.

மேடத்தின் கணவர் பல வருஷத்துக்கு முன் இந்தப் பவளத்திட்டில் மூழ்கிப்போனவர். உடல் கிடைக்கவில்லை. அதனால்தான் மேடம் வருஷாவருஷம் தீவு முழுவதையும் வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்துவிட்டுப் போவார். மகளை மாலேயில் விட்டுவிட்டு வந்திருந்த ரவூஃபாவுக்கு அந்தத் தனிமை புரிந்தது, மேடத்தின்மேல் பாசமும் இருந்தது. இப்போது மேடம் இருமினால் உப்புத் தண்ணீர் வந்தது. நாளைக் காலைப் படகில் அவரை உயிரோடு ஏற்றிவிட வேண்டும். ரவூஃபாவுக்கு அது போதும்.

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம். மூஸா தொழப் போயிருந்தார். தென்னைகள் கறுத்துக்கொண்டிருந்தன, அலை மணலை நக்கி நக்கித் திரும்பியது, காற்றில் அந்தப் பாசி வாடை கனத்திருந்தது. ரவூஃபா இரண்டாவது நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிடங்கில் போட்டுவிட்டு வந்தாள்.

மேடம் வந்து உட்கார்ந்தார். "அவர் நாற்காலி எங்கே?"

"உங்களுக்கு மட்டுந்தான் மேடம். காலைல படகு வருது. என்கூட வந்துடுங்க."

மேடம் கோபப்படவில்லை. அவருடைய குரலில் இரக்கம் இருந்தது. "இத்தனை வருஷமும் ராத்திரி வந்து படுத்துட்டு விடியறதுக்குள்ள போயிடுவாரும்மா. செருப்பும் தட்டும் வச்சு இங்கேயே இருக்கச் சொன்னது நீதான். இப்ப உக்கார இடமில்லேன்னா எப்படி?"

ரவூஃபா பதில் சொல்ல வாய் திறந்தாள். அலைச் சத்தம் நின்றிருந்தது.

பிடரியில் ஒரு சொட்டு. சில்லென்று.

இன்னொன்று.

மேடத்தின் கண்கள் அவள் தலைக்கு மேலே, உயரத்தில் எதையோ பார்த்து மலர்ந்தன.

இரண்டு ஈரக் கைகள். அவள் தோள்களில். நாற்காலியின் முதுகைப் பிடிப்பதுபோல. அழுத்தின. முழங்கால் மடிந்தது. உள்ளங்கைகள் மணலில் ஊன்றின. கத்த முடியவில்லை.

பிறகு அந்தப் பாரம், நிதானமாக, அவள்மேல் உட்கார்ந்தது.