கேரல் வண்டியில் ஒரு குறை

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கறிச்சோறு சாப்பிடும்போது எங்கள் வீட்டில் பேசுவதெல்லாம் அரசாங்கப் பதிவில் ஏறும். சோற்றுப் பானைக்கும் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் நடுவே கருத்துமானி உட்கார்ந்திருக்கும். உள்ளங்கை அகல வெள்ளை வட்டு. யாராவது ஒரு படத்தையோ பாட்டையோ புத்தகத்தையோ விளையாட்டையோ பற்றி ஏதாவது சொன்னால் அதன் ஓரத்தில் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டும். கருத்து ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"இன்னைக்குப் பாடுன புதுப்பாட்டு ரொம்ப உச்சத்துல போவுது. கொயர்ல நிக்கிறவளுவளே தொண்டையப் பிடிச்சிக்கிட்டு நின்னாளுவ" என்றாள் அம்மா. சிமிட்டியது.

"நேத்து அந்தக் கப்பல் படம் பாத்தேன். பரவால்ல" என்றார் அப்பா. அதற்கும் சிமிட்டியது.

அப்பா ஞானசிகாமணி சபையின் செயலாளர். அவர் வாயிலிருந்து வரும் மிகப் பெரிய விருது 'பரவால்ல'. படங்களுக்கு அவர் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: பக்கத்தில் ஐயரை உட்கார வைத்துப் பார்க்க முடியுமா? எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். அம்மா சாராளுக்குத் துப்பறியும் நாவல்கள். கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பாள். கொலைகாரன் யாரென்று தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியுமாம். நான் எப்சிபா. விளையாட்டுகளைக் குறை சொல்வது என் இலாகா.

நான் பள்ளியில் படித்த காலத்தில் தரவு நிலையங்கள் குடித்த தண்ணீரையும் மின்சாரத்தையும் நாடு தாங்கவில்லை. நினைவக வரம்புச் சட்டம் வந்தது. வீட்டுக் கருவிகளில் சேமிப்பையே எடுத்துவிட்டார்கள். மனிதர் ஆக்கியது எதுவானாலும் பேணகம் என்ற ஒரே இடத்தில்தான் இருக்கும். அங்கும் இடம் கொஞ்சம்தான். அதனால் ஒரு விதி வைத்தார்கள். ஆயிரம் நாளுக்குள் ஒருமுறையாவது ஏதாவது ஒரு மாதிரிக் குடும்பம் ஒரு படைப்பைப் பற்றி வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் விளக்கை அவிப்பதுபோல் அதை அவித்துவிடுவார்கள்.

தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பம் என்ற பிரிவில் குலுக்கலில் எங்கள் வீடு விழுந்தது. புகழ்ந்தாலும் திட்டினாலும் ஒன்றுதான். ஆக்கியவரின் சொந்தக்காரர் சொன்னாலும் செல்லும். ஆனால் இயல்பாகச் சொல்ல வேண்டும். ஒப்பித்தால் ஏறாது. அழுதுகொண்டு சொன்னாலும் ஏறாது, சிவப்பு எரியும். ஆரம்பத்தில் ரசிகர் மன்றங்கள் மாதிரிக் குடும்பங்களின் வாசலில் பழத்தட்டோடு வரிசையில் நின்றதால் வந்த கெடுபிடி இது.

அந்தத் திங்கட்கிழமை காலை பேணகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது.

அவிப்புக்கு எட்டு நாள். கேரல் வண்டி. விளையாட்டு. ஆக்கியோன்: ஞா. செல்வின்.

செல்வின் என் அண்ணன். இருபத்தாறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனான். அதற்கு முந்தைய டிசம்பரில் அவன் செய்த கணினி விளையாட்டு அது. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழுவை ஒரு பழைய வேனில் ஏற்றிக்கொண்டு நாற்பது வீடுகளுக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வீடு கேக் தருவார்கள். வேண்டாமென்றால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். தின்றால் பாடகர்களுக்குத் தொண்டை அடைக்கும். எங்கள் சபையைத் தாண்டி யாரும் அதை ஆடியதில்லை. ஆடிய பிள்ளைகளும் வளர்ந்து வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் கை பட்டு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அப்பா அறிவிப்பைப் படித்துவிட்டு, "இது தப்பும்மா. நாமதான் தெனமும் அதப் பத்திச் சொல்றோமே" என்றார்.

"எப்பப்பா சொல்றோம்?"

"காலையிலயும் ராத்திரியும். குடும்ப ஜெபத்துல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஜெப நேரத்தில் கருத்துமானி காதை மூடிக்கொள்ளும். சபைகள் போராடி வாங்கிய விலக்கு அது. ஆண்டவரிடம் பேசுவதை அரசாங்கம் ஒட்டுக்கேட்கலாமா என்று வீடுவீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியவர்களில் அப்பாவும் ஒருவர். மூன்று வருடங்களாக, செல்வினைத் தந்ததற்காகவும் அவன் செய்த அந்தச் சின்ன வேலைக்காகவும் ஒருநாள் தவறாமல் நன்றி சொல்லியிருக்கிறோம். ஆமென் சொல்லி எழுந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச முடியவில்லை என்பதுதான் உண்மை.

அன்று இரவுச் சாப்பாட்டில் நானே ஆரம்பித்தேன். "அண்ணன் கேம்ல ஏழாந்தெரு நாய் இருக்குல்லா, அது..." அதற்குள் அழுகை வந்துவிட்டது. சிவப்பு எரிந்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா முயன்றார். "கேரல் வண்டி என்ற விளையாட்டு இளைஞருக்கு ஏற்றது" என்றார், சபையில் அறிக்கை வாசிக்கிற குரலில். சிவப்பு.

"நான் எழுதித் தாரேன்ப்பா. ஒரு வாரம் பழகுவோம். நடிப்புன்னு தெரியாத அளவுக்குப் பழகிக்கிட்டா ஏறிடும்" என்றேன்.

"அது பொய்ச்சாட்சி எப்சி."

"அண்ணனுக்காகத்தானப்பா."

"அவனுக்காகன்னாலும் பொய் பொய்தான். நான் அதுக்கு வர மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பெற்ற மகனைவிட வேதக் கட்டளை பெரிதாகிவிட்டது இந்த மனுஷனுக்கு என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் அவர் தனியாக மேஜையில் உட்கார்ந்து, அந்த வட்டைப் பார்த்து "பரவால்ல... பரவால்ல" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்புதான். என் கோபம் போய்விட்டது.

ஞாயிறு வந்தது. செவ்வாயோடு கெடு முடிகிறது. அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் எந்தப் படத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், அவிந்துபோகப் போவதைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று சுவர்த்திரையில் கேரல் வண்டியைத் திறந்தேன். நாயிடம் தப்பி, பன்னிரண்டு வீடு தாண்டி, பதினெட்டு தாண்டி, இருபத்து மூன்றாம் வீட்டுக்கு வந்தேன். அம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த விளையாட்டை முழுதாகப் பார்த்ததே இல்லை. "நீ கடைசில பாரும்மா" என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் ஒளித்து வைத்திருந்தான். அவன் போன பிறகு அவளுக்குத் திரைக்கு முன்னால் உட்கார மனசு வரவில்லை.

திரையில் கதவு திறந்தது. நைட்டியும் தோளில் துண்டுமாக ஒரு குண்டு ஆன்ட்டி வெளியே வந்தாள். மூக்குக் கண்ணாடி அம்மாவுடையது. நடை அம்மாவுடையது. கையில் ஒரு தட்டு நிறைய அச்சுமுறுக்கு, அத்தனையும் கருகல்.

அம்மாவின் கை நின்றது.

"ஏல செல்வின்" என்றாள். "நான் என்னைக்குல நைட்டியோட கேரல்காரங்க முன்னால வந்து நின்னேன்? வருசா வருசம் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு உக்காந்து கிடப்பேன், தெரியாதால உனக்கு? முறுக்க வேற கரிய வச்சிருக்க. ஒரு தடவை கரிஞ்சதுக்கு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவியோ? நல்லாவே இல்ல, போ."

பச்சை சிமிட்டியது.

அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தும் சத்தம் வந்தது. "சபையில உள்ள புள்ளைய எல்லாம் இத ஆடியிருக்கும். ஒண்ணும் எங்கிட்டச் சொல்லல பாரு. என் மானத்த வாங்கிட்டான் பய." மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் அவனைத் திட்டுகிறாள். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள்கூட அவன் திட்டு வாங்காமல் தூங்கியதில்லை.

பேணகத்திலிருந்து படிவம் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

கருத்து ஏற்கப்பட்டது. அவிப்பு ஆயிரம் நாள் தள்ளிவைக்கப்பட்டது. கருத்தின் வகை: ஆக்கியோனிடம் நேரில் சொன்னது. இது சரியா? ஆம். இல்லை.

அப்பாவின் விரல் அந்தரத்தில் நின்றது. 'நேரில்' என்ற சொல்லில்தான் அவர் மனசு முட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

"இல்லைன்னு போட்டாலும் கருத்து செல்லும்ப்பா. வகை மட்டுந்தான் மாறும்" என்றேன்.

அப்பா தலையாட்டினார். அடுப்படியில் அம்மா இன்னும் நிறுத்தவில்லை. "சிரிக்காதல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு 'ஆம்' என்பதைத் தொட்டார்.