திகதி தெரியாத மெஷின்

தோணி கரை தட்டியதும் மக்டலின் பிஸ்கற் தகர ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தண்ணீரைப் பார்த்து நிற்கும் பழைய வெள்ளைக்காரன் பங்களாதான் நீர்ப்பாசனத் திட்டத்தின் கந்தோர். அதற்குள் ஒரு கொம்பியூட்டர். கொழும்புக்குப் புது மெஷின் வந்ததும் கழித்துவிட்ட கிழடு. மட்டக்களப்புக்கு எதுதான் புதிதாக வந்தது!

ரின்னுக்குள் இருந்தது அவள் புருஷன் நோபேட்டின் கடைசி வேலை. உன்னிச்சைக் குளத்திலிருந்து எந்த வயல் வட்டைக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று கணக்குப் போடும் புரோகிராம். அதைக் கொழும்பு மெஷினில் மெஷின் மொழிக்கு மாற்றி, துளையிட்ட சீட்டுகளாகக் கொண்டுவந்திருந்தான். போன வருஷம் செப்டம்பர் பதினேழாம் திகதி, "பொழுதுபட முன்னம் வந்திருவன்" என்று சொல்லித் தோணி ஏறினான். நடு வாவியில் தோணி கவிழ்ந்தது. அவன் எழுதிய மூலச் சீட்டுகள் அவனோடு தண்ணீருக்குள் தாண்டுபோயின. ரின் மட்டும் மிதந்து கரை சேர்ந்தது.

மெஷினுக்குப் பொறுப்பான அழகரத்தினம் வாசலில் நின்றார்.

"நாளைக்குக் கொழும்புப் பெரியவங்க பாக்க வாறாங்க தங்கச்சி. புரோகிராம் ஓடாட்டி மெஷினத் திருப்பிக் கொழும்புக்கு ஏத்திருவாங்க. தம்பிட வேலையும் குப்பைக்குத்தான்."

மக்டலினும் கலியாணத்துக்கு முன் கொழும்பில் நோபேட்டோடு அதே வேலை பார்த்தவள். சீட்டுகளை ஊட்டினாள். மெஷின் கொஞ்சம் இரைந்து, விளங்காத கோரிக்கை என்று அச்சடித்து நின்றது. திரும்ப ஊட்டினாள். அதே இடத்தில் அதே முரண்டு. நின்ற இடத்தைத் தோண்டித் தோண்டிப் பார்த்ததில், மத்தியானம்தான் பிடிபட்டது.

"இவர்ர புரோகிராம் மெஷினிட்டத் திகதியக் கேக்குது அண்ணன். கொழும்பு மெஷின நடத்துற புரோகிராம் புதுசு, கேட்டாச் சொல்லும். இஞ்ச இருக்கிறது பழசு. இதுக்குத் திகதியே தெரியா."

"அப்ப அது கேக்கிற இடத்தில நாமளே ஒரு சீட்டில திகதியக் குத்தி வைப்பம். நான் சாப்பிட்டு வாறன்."

அவர் போனதும், சும்மா இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

இந்தமுறை மெஷின் நிற்கவில்லை.

அச்சு இயந்திரம் கடகடவென்று தாளைத் தள்ளியது. தலைப்பில் திகதி இருந்தது. 17-09-75.

நோபேட் தோணி ஏறிய நாள். சாத்திய அறைக்குள் வாவிச் சேறு மணத்தது. அதற்குள்ளே மெல்லிசாக, நோபேட் தலைக்குப் பூசும் பிரில்லியன்டைன் வாசனை.

மறுபடி ஓட்டினாள். 17-09-75.

யாரோ பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சருங்க..." என்றாள், காற்றுக்கும் கேட்காத குரலில்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாவம், அவனுக்கு இன்றும் அதே நாள்தான். இன்னும் பொழுதுபடவில்லை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வரத்தான் போகிறான்.

அப்படியே விட்டுவிட அவள் மனம் கிடந்து துடித்தது. ஆனால் அது விதைப்புக்கு முந்திய திகதி. தாளில் எல்லா வட்டைக்கும் தண்ணீர் பூச்சியம் என்றே இருந்தது. நாளை வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நோபேட்டின் வேலையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

துளையிடும் மெஷினில் உட்கார்ந்தாள். 06-10-76. கண்ணீரில் விசைகள் தெரியவில்லை. அந்த நாள் கடந்துவிட்டதென்று அவனுக்கே சொல்வது, உலகத்தில் எந்தப் பெண்சாதிக்கும் வரக்கூடாத வேலை.

"மன்னிச்சிக்கங்க" என்று சொல்லி அந்தச் சீட்டைச் செருகினாள்.

மெஷின் பாதியில் நின்றது.

நெடுநேரம் நின்றது.

பிறகு மெதுவாக, ஒவ்வொரு வரியாக அச்சடித்தது. திகதி சரி. கணக்கும் சரி. அறையில் எந்த மணமும் இல்லை. திரும்பி வந்த அழகரத்தினம் சந்தோஷத்தில் துள்ளினார். அவள் மேசையில் முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் காலையில், பெரியவர்கள் வருமுன் சீட்டில் அன்றைய திகதியை மாற்றிவிட அவள் தோணித் துறையில் வந்து இறங்கியபோது, அழகரத்தினம் தாளோடு காத்து நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"திகதிச் சீட்ட நீங்க கொண்டு போயிட்டீங்களா தங்கச்சி?"

அவள் கைப்பையைத் திறந்தாள். சீட்டு அதற்குள் கிடந்தது.

"அது இல்லாமலே மெஷின் ஓடினது" என்றார்.

தாளை வாங்கினாள். 07-10-76 என்று இருந்தது. அந்த இலக்கங்களுக்குக் கீழே தாள் நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. வாவித் தண்ணீரும் உப்புத்தான், கண்ணீரும் உப்புத்தான். அன்றைய பொழுது எப்போதோ பட்டுவிட்டதென்று நோபேட்டுக்கு இப்போது தெரியும். இனி அவன் வீட்டுக்கு வரமாட்டான்.