தில்லை மரத்தடியில் ஒரு டம்ளர்

“இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும், இல்லைன்னா எல்லாம் போச்சு!” என்றாள் தமயந்தி.

பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டில் கால்வாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் படகு நின்றிருந்தது. துடுப்பு பிடித்திருந்தவன் தூத்துக்குடி ஜெரால்டு. நாகூர் மெகருன்னிசா நடுவில். மூவரும் குறுக்கெழுத்துப் பைத்தியங்கள். வாட்ஸ்அப் குழுவில் பழகி, அன்றுதான் முகம் பார்த்தவர்கள்.

வாரந்தோறும் அவர்களுக்குப் புதிர் அமைப்பவர் பரஞ்சோதி சார், வனத்துறையில் இருந்தவர். இந்த வாரப் புதிரின் கீழே எழுதியிருந்தார்: “விடைகள் வழிகாட்டும். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் யாரும் வந்து புதையலை எடுக்காவிட்டால், இதுவே என் கடைசிப் புதிர்.”

கடைசிக் குறிப்பு தமயந்தியைப் பாடாய்ப் படுத்தியது. ‘இல்லை என்பதன் தலையை மாற்று, கண்ணைக் கெடுக்கும் மரத்தடியில் இருப்பேன்.’

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் வாயே திறக்கவில்லை. பாவம், அவர்களுக்கும் தெரியவில்லை போலும்! “திரும்பிடலாம்” என்றாள்.

“ஐயோ, வேண்டாம்க்கா! எனக்கு நேத்தே விடை விழுந்துட்டு!” என்றான் ஜெரால்டு.

“எனக்கும்தான்” என்றார் மெகருன்னிசா.

“அடப்பாவிங்களா! அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?”

“முடிச்சவங்க மூச்சு விடக் கூடாதுங்கறதுதானே நம்ம குழு வழக்கம்? முதல் எழுத்தை மட்டும் மாத்திப் பாரும்மா” என்றார் மெகருன்னிசா.

“தில்லை!”

இடப்பக்கக் கால்வாயில் இலை சிவந்த தில்லை மரங்கள் தெரிந்தன. ஜெரால்டு துடுப்பை வலித்தான். “குனிங்க! கிளை ஒடிஞ்சு பால் தெறிச்சா கண்ணு அவ்வளவுதான்!” முதுகில் கிளைகள் உரச, படகு சேற்றைக் கீறிக்கொண்டு பாய்ந்து மேட்டில் முட்டியது.

அங்கே பரஞ்சோதி சார் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க், ஒரே ஒரு டம்ளர்.

அந்த ஒற்றை டம்ளரைப் பார்த்ததும் தமயந்திக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

“எம் பொண்டாட்டி இருந்தவரைக்கும் புதிரைப் போட்டு முடிச்சுட்டு என்னோட சண்டை போடுவா” என்றார் அவர். “அவ போனப்புறம் குழுவுல ஒரு சத்தமும் இல்ல. யாருமே போடறதில்லைன்னு நெனச்சுட்டேம்மா.”

“சார்! அம்மாவை ஆஸ்பத்திரியில வெச்சிருந்தப்ப என்னை அழாம உக்கார வெச்சதே உங்க கட்டங்கதான்!” தமயந்தி அப்போது அழுதுவிட்டாள்.

அவர் புதையல் டப்பாவை நீட்டினார். உள்ளே அவர் மனைவியின் கட்டைப் பென்சில். பல் தடம்கூட இருந்தது. மூவரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அந்த ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் காபி குடித்தார்கள்.

திரும்பும்போது படகில் நால்வர்!

விடையைச் சொல்லாமலே பாராட்டைச் சொல்லலாம் என்பது இத்தனை பெரிய மூளைக்காரர்களுக்கு இவ்வளவு நாள் தோன்றவில்லை பாருங்கள். அடுத்த வாரம் புதிர் வந்தது. முதல் ஆளாகத் தமயந்தி குழுவில் எழுதினாள்: “சார், அஞ்சாவது குறிப்புக்காக உங்களோட சண்டை போடணும். எப்ப வரட்டும்?”

“இப்பவே வாம்மா” என்று பதில் வந்தது. “நாலு டம்ளர் வாங்கி வெச்சிருக்கேன்.”