விமானக் கண்ணாடியில் ஒரு பெருவிரல் ரேகை

மோதியவன் அவன். உடைந்தது அவளுடையது.

ஆடிக் கிருத்திகை நாள். திருத்தணியின் தெருக்களெல்லாம் காவடிகளாகி, மலையை நோக்கி மஞ்சள் வெள்ளமாய் ஏறிக்கொண்டிருந்த வேளையில், வானம் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துகொண்டது. மழை! கைபேசி பழுதுபார்க்கும் தன் கடையின் விளம்பரப் பலகையை உள்ளே இழுக்கப் பாய்ந்து வந்தான் இளம்பரிதி. கூட்டத்துக்கு ஒதுங்கிச் சுவரோரமாய் வந்துகொண்டிருந்தாள் மோகனப்ரியா. தோளும் தோளும் இடித்தன... அவள் மார்போடு அணைத்திருந்த அட்டைப்பெட்டி தெறித்து விழுந்தது. உள்ளிருந்த குட்டி விமானம் ஈரத்தரையில் சறுக்கி, இறக்கை ஒடிந்து, வயிறு தெரியக் கிடந்தது.

"கண்ண இன்னா முதுகுல வெச்சிக்கினு வர்றீங்களா?" என்றாள். 

அவன் நடுத்தெருவில் மண்டியிட்டு இரு கைகளையும் விரித்தான்.

"அண்ணா, மிதிச்சிடாதீங்க! சக்கரம் ஒண்ணு கயண்டு ஓடிச்சி. ஏரோப்ளேன் சக்கரம்!"

"ஏரோப்ளேனா? திருத்தணிக்கு எப்பப்பா ஏர்போர்ட்டு வந்துச்சி?" என்றார் காவடி சுமந்த ஒருவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனோ ஆயிரம் கால்களுக்கு நடுவே ஊர்ந்து, துவரம்பருப்பு அளவே இருந்த அந்தச் சக்கரத்தை எடுத்து, வென்றுவிட்டவனைப்போல் உயர்த்திக் காட்டினான். மழைநீர் வழிந்த அந்த முகத்தில் இரண்டு கண்கள்... குற்றம் செய்த குழந்தையின் கண்கள்.

மோகனப்ரியாவின் இதழ்கள் இரண்டு ஆண்டுகளாக மறந்துபோயிருந்த ஒன்றைச் செய்யப் பார்த்தன. அதற்குள் ஒரு பெண்மணி அவளுடைய வெறும் நெற்றியைக் கண்டு விலகி நடந்தாள். "நல்ல நாளும் அதுவுமா எதுர்ல வந்துக்கினு..."

இதழ்கள் மூடிக்கொண்டன. கணவனைக் கொன்றது காய்ச்சல். அந்தக் காய்ச்சல் அவனோடு போய்விட்டது. மிஞ்சியவளை நாள்தோறும் கொல்கிறதே இந்த ஊரின் பார்வை, இதற்கு எந்த மருத்துவன் மருந்து எழுதுவான்? வாழ வேண்டிய ஒரு பெண்ணின் முகத்தைக் கெட்ட சகுனமென்று சொல்ல இவர்களுக்கு உரிமை தந்தது யார்?

"உள்ள வாங்க. நனையிறீங்க," என்றான் இளம்பரிதி. அவன் விலகி நடக்கவில்லை.

கடைக்குள் விளக்கடியில் விமானத்தை வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தவன் வியந்துபோனான். "நேட்டுங்க! நம்ம ஏர்ஃபோர்சோட பழைய சண்ட விமானம். இந்த பிளாஸ்டிக் மாடலு இப்ப எங்கயும் கெடைக்காது. யாரு ஒட்டுனது?"

"எங்க வீட்டுக்காரரு. பதினாலு வயசுல." சற்று நின்று சொன்னாள். "அவரு இல்ல."

அவள் கணவன் ஹேமநாதன் பின்னாளில் விமானப்படையில் இயந்திரம் பராமரிப்பவனாகச் சேர்ந்தான். அம்மையார்குப்பத்து விசைத்தறி வீட்டுக்கு மோகனப்ரியாவை மணமுடித்து அழைத்து வந்தான். மணமான மூன்றாம் ஆண்டில் போய்விட்டான். ஆவணியில் வரும் இரண்டாம் ஆண்டு நினைவு நாளன்று, அவன் படத்துக்குப் பக்கத்தில் இந்த விமானத்தை வைக்க வேண்டும் என்பது மாமனார் ஜம்புலிங்கத்தின் ஆசை. கண்ணாடிப் பெட்டி செய்யக் கொடுத்துவிட்டு வரத்தான் அவளை அனுப்பியிருந்தார்.

"நானும் ஏர்ஃபோர்சுக்குப் போனவன்தாங்க. கண்ணு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதிலருந்து பறக்க முடியாத ஏரோப்ளேனா ஒட்டிக்கினு கீறன்." அலமாரியைக் காட்டினான். வரிசையாய் விமானங்கள்... ஒவ்வொன்றின் மூக்கிலும் தூசியில்லை. "உடைச்சவன் நான். சரிபண்ணித் தர்றதும் நான்தான். வியாழக்கெழம வந்து பாருங்க."

"கண்ணு சரியில்லாதவருகிட்டயா குடுக்கிறது?"

"மோதுறதுக்குத்தாங்க சரியில்ல. ஒட்டுறதுக்கு நல்லாவே தெரியும்."

இந்த முறை இதழ்கள் அவளைக் கேட்கவில்லை. சிரித்துவிட்டாள்.

வியாழன்தோறும் புடவைக் கட்டுகளைக் கடைத்தெருவில் ஒப்படைக்கத் திருத்தணிக்கு வருபவள் அவள். அந்த வியாழக்கிழமைகளுக்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அவன் பழைய பசையை ஊறவைத்துத் துண்டுகளைப் பிரித்தான். உதிர்ந்துபோன பழைய வண்ணத்தைக் கரைத்தெடுத்தான். பூசுமாவால் விரிசல்களை அடைத்து, நீர்த்தாள் எனும் உப்புத்தாளால் இழைத்து, மெல்லிய வெள்ளிப்பூச்சு ஏற்றினான். தகடுகளின் இணைப்புக் கோடுகளில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டான். மூக்கின் நுனியில் இருக்க வேண்டிய குழல் முறிந்து காணாமற்போயிருந்தது. அவள் பையிலிருந்து தையல் ஊசியொன்றை எடுத்து நீட்டினாள்.

"இத வெட்டி வெச்சா சரியா இருக்குமா?"

"அட! இது எனக்குத் தோணலையே. வேலைக்கு வந்துடுறீங்களா?"

"எத்தினி விமானத்துக்கு மொதலாளி நீங்க?"

"பதினேழு. எதுவும் கெளம்பாது."

அவன் மணவூர்ப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. அவள் நெசவாளர் வீட்டு மருமகள். சாதி வேறு, கைம்பெண் வேறு. ஊர் எழுப்பி வைத்திருக்கும் சுவர்களை அவள் எண்ணாத நாளில்லை. ஆனாலும் அந்தச் சிறு கடைக்குள், விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தலைகள் ஒரு விமானத்தின் மேல் குனிந்திருந்த அந்த அரைமணி நேரத்தில்... சுவர்களே இல்லை.

நான்காம் வியாழன். ஊர் திரும்பும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருந்தாள். மழை. கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தாள். அவளுடைய பெருவிரல் ரேகை அதில் பதிந்து நின்றது.

சட்டென்று எழுந்து நின்றாள்.

விமானி அமரும் இடத்தை மூடுகிறதே அந்தக் கண்ணாடிக் குமிழ், அதன் இடப்பக்கம் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. பதினான்கு வயதில் ஹேமநாதன் பசைக் கையோடு தொட்டுவிட்டான். பசை பிளாஸ்டிக்கை உருக்க, ரேகை அப்படியே பதிந்து நிலைத்துவிட்டது. அவன் போன பிறகு நாள் தவறாமல் அவள் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்ப்பாள். மாமனாரும் பார்ப்பார். அவன் உடலிலிருந்து இந்த உலகில் எஞ்சிய தடயம் அது ஒன்றுதான்.

அதைத் தொடாதே என்று இளம்பரிதியிடம் அவள் சொல்லவில்லை. நான்கு வாரங்களாக... ஒருமுறைகூட.

"நிறுத்துங்க! எறங்கணும்!"

எதிரே வந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு, நனைந்த கோலத்தில் கடைக்குள் ஓடி வந்தாள். பற்பசை மணம் வீசியது. அவன் முகமெல்லாம் மலர்ச்சி.

"திரும்பி வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சி. பாருங்க, கண்ணாடிய நீர்த்தாள்ல இழைச்சி, பேஸ்ட்டு போட்டுத் தேச்சேன். ஒரு கறையில்ல."

இடுக்கியின் நுனியில் மழைத்துளிபோல் மின்னியது அந்தக் குமிழ். ஒரு கீறலில்லை. ஒன்றுமே இல்லை.

"யாரக் கேட்டுக்கினு தேச்சீங்க?"

"இன்னாங்க..."

"கறையா அது? அவரு பெருவிரலுங்க! அவரு கையி!"

அவன் இடுக்கியை மெல்லக் கீழே வைத்தான். 'நீங்கள் ஏன் முன்பே சொல்லவில்லை?' அந்த ஒரு கேள்வியை அவன் கேட்டுவிடுவானோ என்று அஞ்சியபடி நின்றாள். அவன் கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

வீட்டில் மாமனாரிடம் பாதியை மட்டும் சொன்னாள். "கடைக்காரரு தேச்சிட்டாரு மாமா."  அடுத்த வியாழன் அவள் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை.

நினைவு நாளுக்கு முந்திய நாள், ஜம்புலிங்கமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "வாம்மா. அந்த ஆளு மூஞ்சிய நானும் பாக்கணும்." அவள் பின்னால் போனாள்.

விமானம் ஆயத்தமாய் இருந்தது. வெள்ளி உடல், புதிதாய்ப் பதித்த மூவண்ண வட்டங்கள், மூக்கில் அவள் தந்த ஊசி... இப்போதே எழுந்து பறக்கும் என்று சொல்லலாம். ஜம்புலிங்கம் அழகைப் பார்க்கவில்லை. விரலால் குமிழின் இடப்பக்கத்தைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கடா எம்புள்ள கையி?"

"நான்தாங்க ஐயா. கேக்காம தேச்சிட்டன். முழுசும் என் தப்பு." தலை குனிந்து நின்றான் இளம்பரிதி.

"தப்புன்னு சொல்லிட்டா வந்துடுமா? எம்புள்ளய ரெண்டாந்தரம் கொன்னுட்டியேடா பாவி!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவன் நிமிரவில்லை. ஒரு சொல் பேசினால் விடுதலை. 'உங்கள் மருமகள் சொல்லவில்லை' என்றால் போதும். அந்த ஒரு சொல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்! பிறர் பழியைச் சுமக்கும் இந்த மனிதனை விட்டுவிட்டு, பொய்யைச் சுமந்தபடி அவள் எந்த வீட்டுக்குத் திரும்புவது? எந்தப் படத்துக்கு மாலை போடுவது?

"மாமா, நிறுத்துங்க."

ஜம்புலிங்கம் திரும்பினார்.

"தப்பு என்னுது. அந்தக் கண்ணாடியத் தொடாதீங்கன்னு நான் அவருகிட்ட சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"மறந்துட்டன்."

"மறந்துட்டியா? நெதமும் வெரலு வெச்சிப் பாப்பியே... அதையா?"

கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை அவள். "ஆங் மாமா. இங்க வந்த நாளு மறந்தேன். அடுத்த வாரமும் மறந்தேன். இவரு பேசுவாரு, நான் சிரிப்பேன்... அந்நேரத்துல எனக்கு அந்த ரேக ஞாபகமே வர்ல. அத இவரு அழிக்கல மாமா. நான்தான் அழியவுட்டன். அத ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவன்?"

 இளம்பரிதி நிமிர்ந்து பார்த்தான்.

ஜம்புலிங்கம் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தறிக்காரரின் கனத்த விரல்கள் விமானத்தின் மேல் அசையாமல் கிடந்தன.  அவர் குரலில் இப்போது கோபமில்லை.

"எனக்கு அவங் கொரலே ஞாபகம் வர்லம்மா. போன பங்குனியிலருந்து. 'நைனா'ன்னு கூப்புடுவானே... அது எப்பிடின்னு தெரியல. ஒங்கிட்ட சொன்னா நீ நொந்துடுவன்னு நானும் சொல்லல."

"மாமா..."

"வயசு இருபத்தெட்டு ஒனக்கு. எனக்கே மறக்குதே." எழுந்தார். விமானத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார். இளம்பரிதியை ஒருமுறை பார்த்தார். வாசலில் நின்று மருமகளிடம் சொன்னார். "நாலு மணி பஸ்ஸுல நான் போறன். நீ பேசிட்டு அடுத்த பஸ்ஸுல வா. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறன்."

மழைக்குள் இறங்கி, துண்டால் விமானத்தை மூடிக்கொண்டு, மெல்ல நடந்து போனார்.

 இளம்பரிதி தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"என்ன மன்னிச்சிட்டீங்களா?"

அவள் தலையசைத்தாள்... இல்லையென்று.

"முடியலங்க. ஒங்களையும் மன்னிக்க முடியல, என்னையும் மன்னிக்க முடியல. ரெண்டு வியாழக்கெழம வராம இருந்து பாத்தன். அவர நெனச்சி அழுதன். அழுதுக்கினு இருக்கச்சொல்லோ நடுவுல ஒங்க மொகம் வந்துச்சி. மறுபடியும் அழுதன்." முதல்முறையாக அவன் பெயரைச் சொன்னாள். "ஒங்கள எனக்குப் புடிச்சிருக்கு இளம்பரிதி. அது சந்தோசமா இல்ல. வலிக்குது. இருந்தாலும் புடிச்சிருக்கு."