வெள்ளக் கதவுக்கு அப்பால்

கதவு வியர்த்திருந்தது.

டீசல் அறையின் வெள்ளக் கதவு அது; ஒரு சாண் கனத்தில் இரும்பு. மதியம் அடித்த புயல் அணுமின் நிலையத்துக்கு வரும் மின்கம்பிகளை அறுத்துப் போட்டதிலிருந்து, உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு இந்த அறையின் ஜெனரேட்டர்தான் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. கூட இருந்தது மெக்கானிக்கான அவள் ஒருத்திதான். சூடான எண்ணெய் வாடையும் காதை அடைக்கும் இரைச்சலும் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு நடுவே மெல்ல நுழைந்து தொண்டையில் ஒட்டிக்கொண்ட சேற்று வாடைதான் புதிது.

கதவுக்கு அந்தப் பக்கம் கேபிள் சுரங்கம். அக்காவின் கணவர் எலக்ட்ரீசியன். கசிவைப் பார்க்க அதற்குள்தான் போயிருந்தார். கடல் ஏறுகிறது, எல்லாரும் வேறு படிவழியாக மேலே வந்தாயிற்று, கதவைச் சாத்து என்று ஷிப்ட் இன்சார்ஜ் போனில் சொன்னார். சாத்திவிட்டாள்.

ஈரத்தைத் துடைக்க இடுப்பளவில் கையை வைத்தாள். உள்ளங்கையில் அதிர்ந்தது. ரெண்டு தட்டு. நிறுத்தி, ஒன்று.

வீட்டுக்கு வரும்போதும் அத்தான் இப்படித்தான் தட்டுவார்.

போனை எடுத்து, மறு காதைப் பொத்திக்கொண்டாள்.

"சார், அத்தான் மேல வந்துட்டாரா?"

"வந்துட்டார்மா. இதோ, பக்கத்துலதான் உக்காந்திருக்கார். நீ மட்டும் கதவைத் தொறந்துடாத. டீசல் ரூம்ல தண்ணி பூந்தா உலை சூடேறிடும். அப்புறம் ஊருக்குள்ள யாரும் இருக்க முடியாது."

"அவர்கிட்ட போனைக் குடுங்க சார். ஒரே ஒரு வார்த்தை."

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சும்மா. பேச வரல."

அத்தானுக்கா? தூக்கத்தில்கூட இந்த மனுஷனுக்கு வாய் மூடாது என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாளே.

போனை வைத்தாள். கதவின் சக்கரத்தைப் பிடித்தாள். கொஞ்சம் திருப்பினாள். ரப்பர் விளிம்பிலிருந்து ஊசிபோல் நீர் சீறி வந்து, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் மேல் தெறித்தது. அலறியபடி சக்கரத்தைத் திரும்ப இறுக்கினாள். தன் முழு பலத்தையும் கொடுத்து. தன் கையாலேயே.

மேலே உட்கார்ந்திருக்கிறார். தொண்டை கட்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

உள்ளங்கையை மறுபடி வைத்தாள். தட்டு இப்போது இடுப்பளவில் இல்லை. நெஞ்சுக்கு நேராக. பிறகு முகத்துக்கு நேராக. அவள் கையும் கூடவே ஏறியது. தலைக்கு மேல். டூல் பாக்ஸைக் காலால் இழுத்து, அதன் மேல் ஏறி நின்றாள். கதவின் மேல்விளிம்பு. அங்கே ரெண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எண்ணவே முடியாதபடி தட்டு. பிறகு ஒரு பிறாண்டல்.

பிறகு ஒன்றுமில்லை.

போன் அடித்தது.

"அம்மா..." இன்சார்ஜின் குரல் உடைந்திருந்தது. "தட்டுறது நின்னுடுச்சா?"

தட்டும் சத்தத்தைப் பற்றி அவரிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

ரிசீவர் நழுவித் தொங்கியது. அவள் கதவடியில் சரிந்தாள். முதுகு இரும்பில் பட்டது. சில்லென்று இருந்தது.

கீழே. தரையோரம். அவள் இடுப்புக்குப் பின்னால்.

நிதானமாக, ரெண்டு தட்டு.

நிறுத்தி, ஒன்று.