எல்லோர் கையும் பாக்கெட்டுக்குப் போனது

குண்டூசிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. ஆனால் ரயில் நிலையத்தில் யாருக்கும் அது தெரியாது. ஆள் ஒல்லி. கேட்கிற கேள்வியோ சுருக்கென்று குத்தும். அதனால் நிலையத்துப் போலீஸ்காரர் ஒருநாள் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவளுடைய அம்மாவுக்கு அங்கே அறிவிப்பாளர் வேலை. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அம்மாவின் குரல்தான். மாடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறையில் மைக் இருந்தது. சன்னலருகே நின்றால் கீழே இருக்கும் பெரிய கூடம் முழுவதும் தெரியும்.

பள்ளி விட்டதும் குண்டூசி அங்கே வந்துவிடுவாள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தால் வாயைத் திறக்கக் கூடாது. அந்த அறைக்கு அது ஒன்றுதான் சட்டம். ஒருமுறை விளக்கு எரியும்போது அவள் தும்மிவிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அது அழகான ஊர். கடலையும் பழைய கோட்டையையும் பார்க்க எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

ஒருநாள் போலீஸ்காரர் மாடியேறி வந்தார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, ஊர்ல திருட்டே குறைஞ்சு போச்சு. கடைவீதியில இல்ல, பஸ்ல இல்ல. மேலதிகாரி எல்லாரையும் பாராட்டுறாரு, என்னைத் தவிர. நம்ம ஸ்டேஷன்ல மட்டும் பிக்பாக்கெட் குறையவே மாட்டேங்குது. வெளிநாட்டுக்காரங்களாப் பார்த்து அடிக்கிறானுங்க."

"நானும் ஒவ்வொரு ரயிலுக்கும் எச்சரிக்கை சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன், தம்பி?"

"இன்னும் அடிக்கடி சொல்லுங்கக்கா. அவங்க மொழியிலயும் சேர்த்துச் சொல்லுங்க."

அம்மாவும் அப்படியே செய்தாள். ரயில் வந்து கூட்டம் இறங்கியதும் சிவப்பு விளக்கு எரியும்.

"பயணிகளின் கவனத்திற்கு. இங்கே பிக்பாக்கெட் திருடர்கள் இருக்கிறார்கள். உங்கள் பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்."

அவ்வளவுதான். கீழே எல்லோர் கையும் பாக்கெட்டுக்குப் போகும். ஒருவர் சட்டைப் பையைத் தொடுவார். ஒருவர் பின்பக்கம் தட்டிப் பார்ப்பார். ஓர் அம்மாள் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் தடவுவார். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்பு போல இருக்கும். குண்டூசிக்குச் சிரிப்பு வரும். வாயைப் பொத்திக்கொள்வாள்.

அன்றைக்கும் அப்படித்தான் சிரித்தாள். கீழே நின்ற ஒரு வெளிநாட்டுக்காரர் பின் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தன் மகளிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணுக்கும் குண்டூசியின் வயதுதான் இருக்கும்.

சற்று நேரத்தில் அதே மனிதர் கூடத்தின் நடுவில் நின்று எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். குண்டூசியின் சிரிப்பு நின்றுபோனது.

அவள் கீழே ஓடினாள். போலீஸ்காரர் அவரை அறைக்குள் அழைத்துச் சென்றிருந்தார். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

குண்டூசி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் சட்டென்று பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"தண்ணிதான்..." என்றாள் குண்டூசி. மொழி புரியாது என்று தெரிந்தும் சொன்னாள். அந்தப் பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

குண்டூசி மெதுவாக மாடியேறினாள். "அம்மா, அவ என்னையும் திருடின்னு நினைக்கிறாம்மா."

அம்மா அவள் தலையைத் தடவினாள். "பயந்து போயிருக்காடா கண்ணு. உன்னை நினைக்கல."

"அவங்க அப்பா பர்ஸ் பின் பாக்கெட்ல இருந்துச்சு. எனக்கே தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ சொன்னதும் தொட்டுப் பார்த்தாரே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மாவையே பார்த்தாள். "அம்மா, மேலே இருக்கிற எனக்கே தெரியுதுன்னா, பக்கத்துல நிக்கிற திருடனுக்குத் தெரியாதா?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தனை நாளும் நான்தான் அவனுக்கு இடம் காட்டிக் கொடுத்திருக்கேனா?"

"நீ நல்லதுக்குத்தாம்மா சொன்ன" என்று குண்டூசி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

போலீஸ்காரரை மேலே கூப்பிட்டார்கள். அவர் நம்பவில்லை. "அதெப்படிக் குண்டூசி, சொன்ன உடனே எல்லாருமா தொட்டுப் பார்ப்பாங்க?"

"மாமா, உங்க பர்ஸ் பத்திரமா இருக்கா?"

அவர் கை தானாகவே வலது பக்கப் பாக்கெட்டைத் தட்டியது. தட்டிய கை அங்கேயே நின்றது. அவர் தன் கையையே பார்த்தார்.

"அட" என்றார்.

"மாமா, எல்லாரும் அவங்கவங்க பாக்கெட்டைப் பார்ப்பாங்க. திருடன் மட்டும் அடுத்தவங்க பாக்கெட்டைப் பார்ப்பான். இன்னும் ஒரே ஒரு தடவை அம்மா சொல்லட்டும். நான் இங்கேயிருந்து பார்க்கிறேன்."

போலீஸ்காரர் சீருடைக்கு மேல் ஒரு பழைய மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு போய் நின்றார். அடுத்த ரயில் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா அதே எச்சரிக்கையைச் சொல்லி முடித்தாள்.

கைகள் எல்லாம் வழக்கம்போல் பாக்கெட்டுகளுக்குப் போயின. கண்கள் அந்தக் கைகளோடு குனிந்தன. தூண் ஓரமாகச் செய்தித்தாள் பிடித்து நின்ற ஒருவன் மட்டும் குனியவில்லை. தாளுக்கு மேலாக மற்றவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சலவை மடிப்புக் கலையாத சட்டை. பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

குண்டூசி கண்ணாடி வழியாகத் தூணைக் காட்டினாள். போலீஸ்காரர் அவசரப்படவில்லை. அந்த ஆள் ஒரு முதியவரின் பின்னால் நடந்தபோது இவரும் நடந்தார். முதியவரின் பையில் அவன் விரல் நுழைந்த நேரம், அவன் மணிக்கட்டு போலீஸ்காரரின் கையில் இருந்தது.

அவனிடம் நிறையப் பர்ஸ்கள் இருந்தன. அந்த வெளிநாட்டுக்காரருடையதும் இருந்தது. அவர் போலீஸ்காரரின் கையை விடாமல் குலுக்கினார். ஆனால் அவர் மகள் சிரிக்கவில்லை. நிலையத்தை விட்டு வெளியே போகும்போதும் பையை இறுக்கிப் பிடித்தபடி, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

அன்று வீட்டில் குண்டூசி சரியாகச் சாப்பிடவில்லை.

"பர்ஸ்தான் கிடைச்சிடுச்சே. இன்னும் என்ன?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா முதல்ல என்னம்மா சொல்லுவோம்?"

"வாங்கன்னு சொல்லுவோம்."

"நம்ம ஊருக்கு வந்தவங்ககிட்ட மட்டும் ஏம்மா முதல் வார்த்தையே திருடன்னு சொல்றோம்?"

குண்டூசி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? அம்மா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் அம்மா நிலைய அதிகாரியிடம் பேசினாள். பர்ஸைப் பற்றிய எச்சரிக்கை, ரயிலுக்குள்ளேயே டிக்கெட் பரிசோதகரிடம் போனது. இறங்குவதற்கு முன்பே அவர் ஒவ்வொரு இருக்கையாகப் போய், பர்ஸை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும்படி காதோடு சொல்லிவிடுவார். ஒலிபெருக்கி வேறு ஒன்றைச் சொன்னது.

"வாருங்கள். அவசரம் வேண்டாம். உங்களோடு வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வாருங்கள்."

முதலில் சிலர் விழித்தார்கள். பிறகு ஒரு முதியவர் தன் மனைவியின் கையைப் பிடித்தார். அந்த அம்மாள் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் அவரே கையை நீட்டினார்.

புகார்கள் குறைந்தன. "வேலையே இல்லை, கொட்டாவிதான் வருது" என்று போலீஸ்காரர் குறைபட்டுக்கொண்டார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

சில நாள் கழித்து, ஊருக்குத் திரும்புவதற்காக அந்த அப்பாவும் மகளும் நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய ரயில் தாமதம். அப்போதுதான் வந்த இன்னொரு ரயிலுக்காக அம்மாவின் குரல் அவர்களுடைய மொழியிலும் 'வாருங்கள்' என்றது. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் குண்டூசி கையை ஆட்டினாள்.

கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பெண்ணும் கையை ஆட்டினாள்.

குண்டூசி எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். கோட்டை எவ்வளவு பெரியது என்று அந்தப் பெண் கைகளை விரித்துக் காட்டினாள். கடல் அலை தன்னை எப்படித் தள்ளிவிட்டது என்று பெஞ்சிலிருந்து கீழே விழுந்து காட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அப்பாவும் சிரித்தார்.

ரயில் வந்தபாடில்லை. சைகையிலேயே பேசிக் களைத்துப்போன அந்தப் பெண் குண்டூசியின் தோளில் தலையைச் சாய்த்தாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

மேலே அம்மா சன்னல் வழியாகப் பார்த்தாள். அவர்களுடைய ரயில் வந்துகொண்டிருந்தது. சொல்லாமல் இருக்க முடியாது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்று அந்த ரயில் வரும் செய்தி, தொட்டில் அருகே பேசுகிற குரலில், அத்தனை மெதுவாக நிலையம் முழுவதும் கேட்டது.