வளைவில் ஆளுண்டா

ஆன்டெனா மாட்டாத செட்டு பேசக் கூடாது. அகிலேஷ் இதைப் பரீட்சைக்குப் படித்து, பாஸாகி, வானலையில் பேசிக்கொள்ள அரசாங்கம் கொடுக்கிற ஹாம் ரேடியோ உரிமமும் வாங்கியவன். அவனுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியே சாயங்கால மழை ரப்பர் இலைகளில் சடசடத்துக்கொண்டிருந்தது. முன்னறையில் ஈயம் உருகிய வாடையும், வராந்தாவில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கை அடைத்தன. அவன் பழைய வாக்கிடாக்கி ஒன்றின் முதுகைத் திறந்து, அதிலிருந்த கிரிஸ்டல்களைப் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டு, ஹாம்காரர்களுக்கு அனுமதித்த அலைவரிசைக்கான புதுக் கிரிஸ்டல்களைப் பொருத்தி, பிளாஸ்டிக் திருப்புளியால் உள்ளே இருந்த சுருள்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தான். ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில் சோதனைக்கான உலோகக் குப்பி ஒன்றைத்தான் திருகியிருந்தான். அது இருந்தால் அலை வெளியேயும் போகாது, உள்ளேயும் வராது. அந்தச் செட்டில், கடுகு பொரிகிற மாதிரியான இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"ரோட்டுல ஆளுண்டா?"

அகிலேஷுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஹாம் அலைவரிசையில் வருகிறவன் முதலில் தன் கால்சைனைச் சொல்ல வேண்டும். அரசாங்கம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த அடையாளம் அது. குப்பி சரியாக இறுகாமல் அலை கசிந்திருக்கும், இவன் யாரோ உரிமம் இல்லாத விளையாட்டுப் பயல், கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நினைத்து ஆன்டெனாவை மாட்டினான். ஹாம்காரர்களுக்கு ஒரு மாறாத வழக்கம் உண்டு: கால்சைன், பெயர், இருக்கிற இடம், எதிராளியின் குரலுக்கு ஒன்பதில் இத்தனை என்று ஒரு மதிப்பெண். முகம் தெரியாதவனுக்கும் வீட்டுக்கு வழி சொல்வதைப் பெருமையாக நினைக்கிற கூட்டம். கால்சைனைச் சொல்லிவிட்டு அவனும் அப்படியே சொன்னான்.

"நான் அகிலேஷ். ஆரியங்கோட்டுக்குத் தெக்க, பாறைமடை வளைவு தாண்டி முதல் வீடு. உங்க பலம் ஒம்பதுல ஒண்ணு. ஓவர்."

கேட்டுக்கொண்டார்கள் என்பதுபோல இரைச்சல் மட்டும் ஒரு கணம் அடங்கி மறுபடி எழுந்தது.

இத்தனை மெனக்கெடலும் அமிர்தாவுக்காக. அவன் மனைவி அம்பூரிப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திரும்பி வருகிற வழியில் ரப்பர் காட்டுக்குள் போனில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. போன மழைக்காலத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, காலில் ரத்தத்தோடு யாரையும் கூப்பிட முடியாமல் அவள் வழியோரம் உட்கார்ந்திருந்தாள். அவளையும் விடாமல் படிக்க வைத்து உரிமம் எடுக்க வைத்தான். நெய்யாற்றின்கரையில் பழைய சாமான் வாங்கி விற்கிற ஆக்கர் கடை வைத்திருக்கும் ராஜையாவிடம் இந்தப் பழைய செட்டுகள் இரண்டையும் வாங்கினான். ஆளுக்கு ஒன்று. வண்டி ஓட்டிக்கொண்டே பேசக் கூடாது, ஓரம்கட்டி நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும் என்று கண்டிப்பும் போட்டான். "சரி சாரே" என்று அவள் நெற்றியில் கை வைத்துச் சலாம் போட்டுச் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அமிர்தா அடுப்படியில் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் மறுபடி வந்தது. அதே கேள்விதான். இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. ஒன்பதில் நான்கு கொடுக்கலாம் என்று பழக்கதோஷத்தில் மனசுக்குள் கணக்குப் போட்டவனுக்கு, பிறகுதான் உறைத்தது. குரல் கிட்டத்தில் வந்திருக்கிறது. அவன் செட்டை அணைத்தான். அமிர்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால், ரேடியோ பைத்தியம் முற்றிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அடுத்த நாள் காலையில் அவள் தன் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது தடுக்கத்தான் நினைத்தான். என்ன காரணம் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் ஸ்கூட்டர் இறக்கத்தில் இறங்கிவிட்டது.

மனசு கேட்காமல் சாயங்காலம் ராஜையாவைப் பார்க்கப் போனான்.

"ரெண்டும் பாறைமடையில கல்லு ஒடைச்ச காலத்துச் செட்டாக்கும் மக்கா," என்றார் ராஜையா. "வெடி வைக்கதுக்கு முன்னால வளைவுக்க அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன், செவப்புக் கொடி பிடிச்சிட்டு நிப்பானுவ. ஒருத்தன் கேப்பான், ரோட்டுல ஆளுண்டான்னு. மத்தவன் இல்லன்னு சொன்ன பொறவுதான் விசில் ஊதித் திரிக்குத் தீ வைப்பாவ."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்ன கதை இது. ஈசாக் என்றொரு கொடிக்காரன், ஒருநாள் ரோட்டில் கிடந்த எதையோ எடுக்க வளைவின் நடுவுக்கு நடந்துபோனவாக்கில் வழக்கம்போலக் கேட்டிருக்கிறான். எதிர்ப்பக்கத்துக்காரன் வண்டி வருகிறதா, ஆள் வருகிறதா என்று பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டான். கேட்டவனையே எண்ண வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மலை பெயர்ந்து வந்து விழுந்தது. செட்டு மட்டும் முழுசாகக் கிடைத்தது. அதோடு பாறைமடையை மூடிவிட்டார்கள்.

அகிலேஷ் அம்பூரிக்குப் போன் செய்தான். அமிர்தா இப்போதுதான் புறப்பட்டாள் என்றார்கள். அவள் போனுக்குச் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. பஸ்ஸில் நெருப்பின்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, அவன் வீடு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மழை நின்று ரப்பர் மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. தவளைச் சத்தம் இல்லை. சீவிடுப் பூச்சியின் சத்தமும் இல்லை. மேசையில் கிடந்த பழைய கிரிஸ்டல்களின்மேல் மாவு தூவினதுபோல ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டான். கல்பொடி.

அவன் செட்டைப் போட்டதும் அமிர்தாதான் வந்தாள். தன் கால்சைனைத் திருத்தமாகச் சொன்னாள்.

"சேட்டா, வளைவுக்கு வந்தாச்சு. ஓரமா நிறுத்திருக்கேன். இன்னும் ரெண்டு நிமிசத்துல வாறேன். ஓவர்."

நிறுத்தியிருக்கிறாள். அவன் போட்ட கண்டிப்பு. அதுவும் அந்த வளைவில்.

"அம்மு, நிக்காத, வந்துரு" என்று அவன் பொத்தானை அழுத்திக் கத்தினான். ஆனால் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் பலமானவன் குரல்தான் போய்ச் சேரும். அதையும் அவன் பரீட்சைக்குப் படித்திருந்தான்.

"ரோட்டுல ஆளுண்டா?"

இரைச்சலே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பதுபோல இருந்தது. அவன் சொல்லிக்கொடுத்தபடியே, ஒன்றுவிடாமல், அமிர்தா பதில் சொன்னாள்.

"உங்க கால்சைன் சொல்லுங்க. நான் அமிர்தா. பாறைமடை வளைவுல நிக்கேன். உங்க பலம் ஒம்பதுல ஒம்பது. ரொம்பப் பக்கத்துலயா நிக்கீங்க? ஓவர்."

அவன் அழுத்தினான். கத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான்.

"சேட்டா, இங்க ஒரு ஆளு செவப்புக் கொடியோட நிக்காரு. மேலெல்லாம் வெள்ளைப் பொடி. இவருதான் கேக்காரு போல." இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்திருப்பாள். அவள் எதையும் சரியாகச் செய்கிறவள். "இல்ல, ரோட்டுல ஆளில்ல. ஓவர்."

மலைப்பக்கம் விசில் ஊதியது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓட்டு இடுக்குகளிலிருந்து தூசி கொட்டியது. வெடிச் சத்தம் மட்டும் வரவில்லை.

அவன் ஓடினான். செட்டு கையில். செருப்பு எங்கோ போயிற்று. வளைவில் ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டபடி நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சீட்டின்மேல் ஹெல்மெட். ரோட்டில் ஒரு கல்கூட விழுந்திருக்கவில்லை. அமிர்தாவைக் காணவில்லை.

"அம்மு!"

நடு ரோட்டில் நின்று கூப்பிட்டான். காடு வாய் திறக்கவில்லை. கையிலிருந்த செட்டு மட்டும் திறந்தது. அமிர்தாவின் குரல். கால்சைன் இல்லை. சேட்டா என்று கூப்பிடவில்லை.

"ரோட்டுல ஆளுண்டா?"

ஸ்கூட்டர் வெளிச்சம் முடிகிற இடத்தில் அவள் நின்றாள். தலைமுதல் கால்வரை வெள்ளை. கண்ணிமைகூட வெள்ளை. கையில் கொடி மட்டும் சிவப்பு.

அகிலேஷ் பொத்தானை அழுத்தினான். நானிருக்கேன். நானிருக்கேன் அம்மு. ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

வளைவின் மறுபக்கம், அவன் முதுகுக்குப் பின்னால், ஈரத்தில் கொடித்துணி ஒன்று படபடத்தது. அங்கிருந்து, செட்டில் முதலில் கேட்ட அதே ஆண்குரல் அவளுக்குப் பதில் சொன்னது.

"இல்ல."

மலைப்பக்கம் விசில் ஊதியது.